இன்ஜின் ஆறும் வரை

தனிஸ்லாஸ் என்ற மனிதரை, அவர் செய்யாத கொலைக்காக, ஒரு காம்பவுண்டே கூடி நின்று வெளியே அனுப்பினோம். கொலை என்றால் நாய்க்கொலை. சிரிக்காதீர்கள் அண்ணே. அதற்கு முன்னால் அந்த ரேடியேட்டர் மூடியிலிருந்து கையை எடுங்கள்.

எடுத்துவிட்டீர்களா? சரி. திண்டுக்கல் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண் எதற்கு நம்மை அதட்டுகிறாள் என்றுதானே பார்க்கிறீர்கள்? காரணம் இரண்டு. ஒன்று, வண்டி கொதித்து நிற்கிறது. உள்ளே இருப்பது வெறும் சூடு இல்லை, அழுத்தம். இப்போது மூடியைத் திறந்தால் முகத்திலேயே பீய்ச்சும். அரை மணி நேரம் ஆறட்டும். இரண்டு, அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றி, இன்ஜினைக் குளிர்விக்கிற பழைய கூலண்ட்டை இப்படியே மண்ணில் விடப் போனீர்கள். அந்த டீக்கடை பெஞ்சுக்குக் கீழே குனிந்து பாருங்கள். நான்கு குட்டி. தாய் எங்கேயோ இரை தேடிப் போயிருக்கிறது. வந்து இதை நக்கும்.

நாய் எங்காவது வண்டித் தண்ணியைக் குடிக்குமா என்கிறீர்கள். குடிக்கும். இனிப்பாக இருக்கும் அது. நான் வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு, சொன்னால் நம்புங்கள். இல்லை, நம்பாதீர்கள். நான் சொன்னதை எல்லோரும் நம்பியதால்தான் இவ்வளவும் ஆனது.

உட்காருங்கள். டீ சொல்லுங்கள். இதை எங்கள் ஊரில் ஒருவரிடமும் நான் சொல்ல முடியாது, என் அம்மாவிடம்கூட. ஏன் என்பது அதன் வரிசையில் வரும், நடுவில் கேட்காதீர்கள். உங்களுக்கு என்னைத் தெரியாது, அவர்களையும் தெரியாது, நீங்கள் போகிற திசையும் வேறு. அதனால் உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் காம்பவுண்டில் மேலே நான்கு வீடு, கீழே ஐந்து. நடுவில் முற்றம், ஒரு குழாய். நானும் அம்மாவும் மாடியில். கீழே படிக்கட்டை ஒட்டிய வீட்டில் தனிஸ்லாஸும் அவர் மகள் செலினும். அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை, இறந்து நாலு வருஷம். பத்தாவது படிக்கிறாள். சாயங்காலமானால் கணக்கும் அறிவியலும் படிக்க என்னிடம் மாடிக்கு வருவாள். அதனால் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் வயதில் பாதிதான் எனக்கு.

அவருக்குப் பேக்கரியில் இரவு வேலை, அடுப்பில். விடிகாலை ஐந்தரைக்கு வந்து படுத்தால் மதியம் வரை தூங்கியாக வேண்டும். தூங்க விடாது பூந்தி. பூந்தி என்பது நாய். மஞ்சள் உடம்பில் பொட்டுப் பொட்டாக இருக்கும், செலின் வைத்த பெயர். பேருக்குக் காம்பவுண்டு நாய், உண்மையில் அவளுடைய நாய். அவள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போன நிமிடத்திலிருந்து கீரைக்காரம்மா, தபால்காரர், காக்கா என்று ஒன்று விடாமல் குரைக்கும். ஒரு நாள் பகல் பதினோரு மணிக்குத் தனிஸ்லாஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து கத்தினார்: "ஒரு நாளைக்கு இதுக்கு மருந்து வச்சுக் கொல்லலன்னா பாருங்க!" ஒன்பது வீட்டிலும் கேட்டது. எனக்கு நன்றாகக் கேட்டது.

வண்டி என் அண்ணன் சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போனது. உங்களுடையது மாதிரிதான், ரேடியேட்டர் வைத்த பைக். ஆடி மாதம் பல்கலைக்கழகம் போகிற வழியில் இரண்டு தடவை சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனால், "அண்ணன வரச் சொல்லு பாப்பா" என்றார். வண்டி என்னுடையது, சூடேறினது என் காலுக்குக் கீழே, நோயாளி வந்து நிற்கும்போது தாய்மாமனை வரச் சொல்கிற டாக்டர் உண்டா என்று கேட்டேன். அரை மணி நேரம் வாதாடினேன். ஜெயித்தேன். ஜெயித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம். முறைப்படிதான் செய்தேன் அண்ணே, வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. முழுக்க ஆறவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். பம்புக்கு அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றினேன். பழைய கூலண்ட் பச்சையாக வர வேண்டும், சேறு கலந்த பச்சையாக வந்தது. அதை ஒரு பேசினில் பிடித்தேன். பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி, ஓடவிட்டு, வடித்து. மூன்று தடவை. நான்காவது தடவை தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. அப்புறம்தான் புதுக் கூலண்ட். மெதுவாக ஊற்றி, ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கிக் காற்றுக் குமிழியை எல்லாம் வெளியே எடுத்தேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும், காற்று உள்ளே நின்றால் மறுபடி சூடேறும். செலின் பக்கத்தில் குந்தி, கழற்றின போல்ட்டுகளைத் துணியில் வரிசையாக வைத்தாள். "அக்கா, வண்டிக்கு ரத்தம் மாத்துறோம்ல?" என்றாள். பூந்தி அவள் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தது.

மாடியிலிருந்து அம்மா, "அந்தக் கருமத்தைச் சாக்கடையில ஊத்திட்டுச் சாப்பிட வாடி" என்றாள்.

"சாக்கடையில ஊத்துனா நிலத்தடித் தண்ணிக்குப் போகும்மா. நாளைக்கு லேப்ல கழிவுக் கேன்ல ஊத்துவேன்."

"ஊரே ஊத்துது, இவ ஒருத்தி பூமியக் காப்பாத்தப் போறா. மொதல்ல உன் வாய்க்கு ஒரு கூலண்ட்டு ஊத்தணும்டி, எந்நேரமும் கொதிச்சுக்கிட்டே கெடக்கு."

முற்றமே சிரித்தது. அப்போதுதான் எழுந்து பல் விளக்க வந்த தனிஸ்லாஸ், நுரையோடு சிரித்தார்.

ஆக, நான் அதை மண்ணில் கொட்டவில்லை, கவனியுங்கள். பேசினோடு படிக்கட்டுக்கு அடியில் ஓரமாக வைத்தேன். மேலே பேப்பர் போட்டு மூடி, பேப்பர் மேல் அரைச் செங்கல். மூடினேனா இல்லையா? மூடினேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், அரைச் செங்கல் எம்மாத்திரம்? பாட்டிலில் எச்சரிக்கை இருந்தது என்பீர்கள். இருந்தது, எறும்பு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில். நான் பார்த்த வீடியோவில் அந்த ஆள் முப்பது நிமிடம் பேசினான், நாய் என்று ஒரு வார்த்தை சொன்னானா? ஒன்பது வீட்டுக்காரர்களும் அந்தப் படிக்கட்டைத் தாண்டித்தானே போய் வந்தார்கள்? பொறுப்பைப் பங்கு போட்டால் என் பங்கு...

சரி. நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். மேலே சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை எழுந்து வந்தால் பேப்பர் குழாயடியில் கிடந்தது. லேபிலிருந்து கேன் வாங்கிவந்து, பேசினில் இருந்ததை அதில் ஊற்றினேன். வடித்த அளவை முந்தின நாளே நோட்டில் குறித்திருந்தேன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒரு டம்ளர் குறைந்தது. நோட்டில் எழுதினேன்: இழப்பு, ஆவியாதல். அண்ணே, அதில் இருக்கிற இனிப்புத் திரவம் கொதிக்கவே நூற்றுத் தொண்ணூற்றேழு டிகிரி வேண்டும். ஒரே ராத்திரியில் ஒரு டம்ளர் ஆவியாகாது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அதை நான்தான் பாடம் எடுக்கிறேன்.

அன்று காலையிலேயே பூந்தி குடிகாரன் மாதிரி தள்ளாடியது. வாந்தி எடுத்தது, வாந்தியில் பன் துண்டு. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் தெளிந்துவிட்டது, செலின் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுது சிரித்தாள். செவ்வாய்க்கிழமை எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், நானும் செலினும். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார், கம்பவுண்டர் ஊசி போட்டார். புதன்கிழமை விடியும்போது செலின் மடியில் போய்விட்டது. பதினைந்து வயதுப் பெண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

வியாழக்கிழமை சாயங்காலம் குழாயடியில் எல்லோரையும் கூட்டினேன். ஆமாம், நான்தான் கூட்டினேன். பேச்சுப் போட்டிகளில் எதிரணியை எழுந்திருக்க விடாமல் அடிப்பவள் என்று எனக்குக் கல்லூரியில் பெயர். அன்றைக்கு நான் பேசிய மாதிரி எந்த மேடையிலும் பேசியதில்லை. தனிஸ்லாஸை நடுவில் நிறுத்திக் கேட்டேன்.

"திங்கக்கிழமை காலைல பூந்திக்கு என்ன போட்டீங்க?"

"பன்னு டீச்சர்."

"நாயப் பிடிக்காதவரு எதுக்குப் பன்னு போடணும்?"

"தீஞ்ச பன்னு. பேக்கரியில தூக்கிப் போடுறது. தெனம் போடுறதுதான்."

"தெனம் போடுவீங்களா? யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று சுற்றிலும் திரும்பிக் கேட்டேன். விடிகாலை ஐந்தரைக்கு எந்த வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள்? ஒருவரும் பார்த்ததில்லை. "மருந்து வச்சுக் கொல்லுவேன்னு சொன்னீங்களா இல்லையா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"சொன்னேன் டீச்சர். ஆனா..."

"‘ஆனா’வ விடுங்க."

கை தட்டினார்கள் அண்ணே. உண்மையாகவே இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். "நிறைமதி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார் வீட்டுக்கார அம்மா பொன்னுத்தாய். என் அம்மா மட்டும் படியில் நின்று, "விடுடி, பாவம் அந்த மனுசன்" என்றாள். பாவம் பார்த்து நியாயம் சொல்ல முடியாது என்று அவளுக்கும் ஒரு பதில் கொடுத்தேன்.

அப்போது செலின் கேட்டாள். எல்லோருக்கும் முன்னால். "அப்பா, செஞ்சீங்களா?"

"இல்ல பாப்பா. உங்கம்மா சத்தியமா இல்ல."

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். தலையைக் குனிந்திருக்கலாம். "செலின், பாசத்த வச்சு முடிவு பண்ணாத, ஆதாரத்த வச்சு முடிவு பண்ணு" என்றேன். அவளுக்கு ஒரு வருஷமாக நான் கற்றுக்கொடுத்ததே அதுதான். நல்ல மாணவி. முடிவு பண்ணினாள்.

வண்டியைத் தொட்டுப் பாருங்கள். மூடியை இல்லை, பக்கத்தில். இன்னும் சுடுகிறதா? இருக்கட்டும்.

மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார் பொன்னுத்தாய். அந்த மாதம் முழுக்க யாரும் அவரோடு பேசவில்லை. அவர் குழாய்க்கு வந்தால் குடங்கள் நகரும். ஒருவர் அவர் கதவில் கரியால் நாய் படம் போட்டு வைத்தார். அது நான் இல்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. சாமான்களை ஏற்றின அன்று செலின் மாடிக்கு வந்து என் அறிவியல் கைடைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, நான் அவரோட பேசுறதில்ல. அவர் கொண்டாறதத் திங்கிறதுமில்ல" என்றாள். அவர் என்றாள், அப்பா என்று சொல்லவில்லை.

நான் அவள் தோளைத் தட்டி, "நீ தைரியமான பொண்ணு" என்றேன். பெருமையாக இருந்தது எனக்கு. எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணே.

அதோடு விட்டேனா? வீட்டை மாற்றுவது ஒரு தண்டனையா என்று தோன்றியது. போலீசில் புகார் கொடுக்கலாம் என்று சட்டம் படிக்கிற தோழி சொன்னாள். புகாருக்கு மருத்துவமனைச் சீட்டு வேண்டும். பரீட்சை முடிந்து, மூன்று தடவை அலைந்து, போன வாரம்தான் டாக்டரைப் பிடித்தேன். ஒரு பெண் டாக்டர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பழைய பதிவேட்டைப் புரட்டி, கம்பவுண்டர் எழுதியதைப் படித்தார். செலின் அன்று சொன்னதெல்லாம் அதில் இருந்தது. தள்ளாட்டம், தண்ணீர்த் தாகம், நடுவில் ஒரு சாயங்காலம் தெளிவு, பிறகு சிறுநீரே இல்லை.

"கிட்னி போயிருக்கும்மா. யாரோ மருந்து வச்சாங்கன்னு எத வச்சுச் சொல்றீங்க?"

சாட்சிகளை வரிசையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"எலி மருந்துன்னா அநேகமா ரத்தம் வரும். பயிருக்கு அடிக்கிற மருந்துன்னா இப்படி நடுவுல ஒரு பொழுது தெளிஞ்சு விளையாடாது. நான் உடம்ப அறுத்துப் பாக்கல, அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதே மாதிரி மூணு கேஸ் பாத்திருக்கேன். மூணும் ஒர்க்‌ஷாப் நாய். உங்க வீட்டுப் பக்கம் யாராச்சும் வண்டிக் கூலண்ட்டு மாத்துனாங்களா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாதாடினேன். கால் மணி நேரம், அந்த டாக்டரோடு. அது கசக்கும் என்றேன். அவர், "இனிக்கும்மா, உங்க பாடத்திலயே இருக்குமே" என்றார். அளவு போதாது என்றேன். "பதினஞ்சு கிலோ நாய்க்கு ஒரு டம்ளர் தாராளம்" என்றார். டம்ளர் என்ற சொல்லை நான் சொல்லவில்லை, அவராகச் சொன்னார். அப்புறம் வாதாடவில்லை. வெளியே பசு மாடுகளைக் கட்டியிருக்கிற தொட்டி ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். இன்னும் அங்கேதான் நிற்கிறது.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம். அவர் குற்றமற்றவர் என்பதற்கு ஆதாரம், தேதி வாரியாக. கூலண்ட் பற்றி ஒரு பத்தி. அதைச் செலின் முன்னால் படிப்பது, பிறகு காம்பவுண்டு வாட்ஸ்அப்பில் போடுவது, பொன்னுத்தாயம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்க வைப்பது என்று மூன்று கட்டமாகத் திட்டம். அவர்கள் இப்போது இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், அதோ அந்தக் கோயில் கோபுரத்துக்குப் பின்னால், மாதா கோயில் தெருவில். இன்றைக்குக் காலைதான் போனேன். அங்கிருந்துதான் வருகிறேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சத்தம் கேட்டது. செலின் குரல்.

"அப்பா, இது பன்னா, செங்கல்லா? அடுப்புல வச்சிட்டுத் தூங்கிட்டீங்களா?"

"கடிச்சுப் பாரு, பல்லு உறுதியா இருக்கான்னு தெரியும்."

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அதற்கு நான் தயாராக வரவில்லை அண்ணே. பேச்சு செத்துப்போன ஒரு வீட்டுக்குப் பேச்சைக் கொண்டுவந்து கொடுக்கிறவளாகத்தான் நான் வழியெல்லாம் என்னை நினைத்துக்கொண்டு வந்தேன்.

செலின் என்னைப் பார்த்ததும் "அக்கா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வளர்ந்திருக்கிறாள். அரைப்பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்று நாலு என்றாள். பால் வாங்கிவருகிறேன், போய்விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சந்தில் ஓடினாள். தனிஸ்லாஸ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க டீச்சர்." ஐந்து மாதத்துக்கு முன்னால் நான் குழாயடியில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட மனிதர்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பேசின், பேப்பர், செங்கல், நோட்டு, ஒரு டம்ளர், டாக்டர், எல்லாம். காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. பாட்டில் எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இல்லை, ஒரு தடவை சொன்னேன், உடனே நிறுத்திவிட்டேன். நீங்கள் செய்யவில்லை, செய்தது நான் என்று சொன்னேன். அந்த வரியைப் பஸ்ஸில் இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அப்படியும் பாதியில் உடைந்தது.

அவர் நாற்காலி துடைத்த துணியை மடித்தார். அப்புறம், "இனிப்பா இருக்கவும் குடிச்சிருச்சாக்கும்" என்றார். துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "அதுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா டீச்சர்?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் போனேன். அழுவார் என்றும் நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, இப்பவாவது சொன்னீங்களே டீச்சர் என்பார் என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன். அவர் எதுவும் செய்யவில்லை. நான் பையிலிருந்து அந்த நான்கு பக்கத்தையும் எடுத்தேன். "செலின் வந்ததும் இதப் படிக்கிறேன். அவளுக்குத் தெரியணும். அவ உங்கள நம்பாம போனது என்னாலதான். ஒரு நிமிஷம்கூட இனிமே அவ அப்படி நெனைக்கக் கூடாது. உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள் அண்ணே, நான் கேட்டதில் தப்பு இருக்கிறதா? உண்மை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? இல்லை, சொல்லாதீர்கள். அவர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், அவர் சொன்ன மாதிரியே. எழுந்து வாசலுக்குப் போய்ச் சந்தை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு மாசம் எங்கூடப் பேசல டீச்சர் அவ. சோத்த ஆக்கி வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவா. செய்யல, செய்யலன்னு எத்தன நாளைக்குச் சொல்ல முடியும்? சொல்லச் சொல்லப் பொய்யின்னுதான் அவளுக்குப் பட்டுச்சு. ஒரு நாள் சொல்லிட்டேன். ஆமா பாப்பா, நாந்தான் வச்சேன், தூக்கமில்லாத வெறியில செஞ்சிட்டேன், அப்பாவ மன்னிச்சிருன்னு. ஒரு நாள் முழுக்க அழுதா. கோயிலுக்குப் போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க, சாமியார்கிட்ட செஞ்ச பாவத்த ஒத்துக்கங்க, அப்பத்தான் பேசுவேன்னா. போனேன். சாமி முன்னால மண்டி போட்டுப் பொய் சொல்ல முடியாதுல்ல? எம் மககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் சாமின்னு மட்டும் சொன்னேன். பரிகாரமா மூணு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னாரு. வெளிய வந்தா வாசல்ல நிக்கிறா. அப்பான்னு கையப் பிடிச்சா. அன்னைக்குத்தான் நான் கொண்டாந்த பன்னத் தின்னா. அவ மன்னிச்சது, செஞ்ச அப்பனை டீச்சர். நான் செய்யவே இல்லன்னு இப்ப நீங்க படிச்சுக் காட்டுனா, செய்யாத அப்பனை ரெண்டு மாசம் பட்டினி போட்டமேன்னு அவ எங்க போயி மண்டி போடுவா? நீங்க சொல்றது உண்மைதான். நான் செய்யலங்கிறது எனக்கு அன்னைக்கே தெரியும், எனக்குத் தெரியாததா? அந்தக் காகிதத்த மடிச்சு உள்ள வைங்க. அவ வர்றா."